பிடி விடும் பிசின்

பழுதான டி.வி. ஒன்றைப் பிரித்தால் உள்ளே ஒரு பச்சைப் பலகை இருக்கும். பச்சை வெறும் மேற்பூச்சுதான். ஈயம் வேண்டாத இடத்தில் போய் ஒட்டாமல் தடுப்பதற்காகப் பூசியது. ஒரு மூலையில் அதைச் சுரண்டிவிட்டு வெளிச்சத்தில் பிடித்தால் வெளிறிய மஞ்சள் தகடு தெரியும். அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக நெய்த துணியின் கட்டங்களும் தெரியும். அது கண்ணாடி இழைத் துணி. இழைக்கும் இழைக்கும் நடுவே கண்ணில் படாமல் நிறைந்து, எல்லாவற்றையும் பிடித்துவைத்திருப்பது எப்பாக்சி பிசின். தகட்டின் எடையில் கிட்டத்தட்டப் பாதி அந்தப் பிசின்தான். தொழிலில் இந்தத் தகட்டை எஃப்ஆர்-4 என்பார்கள். உலகத்தில் செய்யப்படும் சர்க்யூட் போர்டுகளில் பெரும்பாலானவை இதன்மீதுதான் எழும்புகின்றன.

இந்தப் பிசினைப் பெட்ரோலியத்திலிருந்து எடுக்காமல் செடியிலிருந்தும் மரத்திலிருந்தும் எடுக்க முடியுமா என்று முப்பது ஆண்டுகளாக ஆய்வுக்கூடங்கள் முயன்றுவருகின்றன. முடியும் என்று பலமுறை காட்டியும் இருக்கிறார்கள். ஆனாலும் முழுக்கத் தாவரப் பிசினில் செய்த பலகை கடையில் வாங்கும் பொருள்களுக்குள் இன்னும் வரவில்லை. காரணம் என்ன என்று பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மரத்திலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பிசின் நல்ல பிசின் ஆகிவிடாது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதோடு, பலகையின் ஆயுள் முடிந்தபின் பிடியை விடுமா என்றும் கேட்க வேண்டும். இரண்டில் எனக்கு இரண்டாவது கேள்விதான் பெரிது. அதற்கான விடையும் தாவரங்களிடமே இருக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தை எழுதத் தூண்டியது.

முதலில் பலகை எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். கண்ணாடி இழைத் துணியைப் பிசின் கரைசலில் முக்கி எடுத்து, சூட்டில் பாதி இறுகும்வரை உலர்த்துவார்கள். தொட்டால் கையில் ஒட்டாது; ஆனால் மறுபடி சூடேற்றினால் இளகும். இந்தத் துணிக்கு ப்ரீப்ரெக் என்று பெயர். வேண்டிய கனத்துக்கு அடுக்கி, மேலும் கீழும் செம்புத் தகடு வைத்து, 170, 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்துவார்கள். பிசின் ஒருமுறை இளகி ஓடி, இடைவெளியெல்லாம் நிரப்பி, பிறகு நிரந்தரமாக இறுகிவிடும். அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து முப்பரிமாண வலையாகிவிடுகின்றன. வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியாது, இதுவும் அப்படித்தான். எத்தனை சூடேற்றினாலும் உருகாது, கருகத்தான் செய்யும்.

அந்தப் பிடிவாதம் வேண்டும் என்றுதான் எப்பாக்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். பலகையில் துளைபோட்டு, துளையின் உள்சுவரில் செம்பு முலாம் பூசி, மேலடுக்கையும் கீழடுக்கையும் இணைப்பார்கள். முலாமின் கனம் 25 மைக்ரான் அளவுதான். பிறகு, பாகங்களைப் பற்றவைக்கப் பலகை சால்டர் அடுப்புக்குள் போகிறது. முன்பு ஈயமும் வெள்ளீயமும் கலந்த சால்டர் 183 டிகிரியில் உருகியது. 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈயத் தடை நடைமுறைக்கு வந்தது. ஈயமில்லாத சால்டர் உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். அடுப்பின் உச்சம் 245 டிகிரியைத் தொடும். கண்ணாடித் துணி இருப்பதால் பலகை நீளத்திலும் அகலத்திலும் அதிகம் விரியாது. கனத்தில் அதைத் தடுக்க ஆளில்லை. 1.6 மில்லிமீட்டர் கனமுள்ள சாதாரண எஃப்ஆர்-4 பலகை அந்த உச்சத்தில் ஏறக்குறைய 50 மைக்ரான் தடித்துவிடும். அதே நீளமுள்ள செம்பு, தானாக விட்டால், 6 மைக்ரான்தான் நீளும். மிச்ச இழுப்பையெல்லாம் துளைக்குள் இருக்கும் அந்த மெல்லிய செம்புக் குழாய் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் நடுவில் விரிசல் விழும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து, காலையில் வேலை செய்து மதியம் நின்றுபோகிற பெட்டி ஒன்று பழுதுபார்ப்பவரின் மேசைக்கு வந்து சேரும்.

ஒவ்வொரு பிசினுக்கும் ஒரு சூட்டு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் இறுக்கம் தளர்ந்து ரப்பர் குணம் வந்துவிடும். விரிவும் மூன்று நான்கு மடங்காக ஏறும். தொழிலில் இந்த எல்லையை டீஜி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சாதாரண எஃப்ஆர்-4 பிசினுக்கு அது 130, 140 டிகிரி. நல்ல ரகத்துக்கு 170, 180. தாவரப் பிசினைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். அடுத்தது ஈரம். பிசின் நீரை உறிஞ்சினால் அந்த நீர் சால்டர் அடுப்பில் ஆவியாகி அடுக்குகளைப் பிளக்கும். பிளக்காவிட்டாலும், நாளடைவில் செம்பு அயனிகள் கண்ணாடி இழையோரமாக ஊர்ந்து ஒரு கம்பியிலிருந்து பக்கத்துக் கம்பிக்குப் பாலம் போட்டுவிடும். மூன்றாவது நெருப்பு: பற்றினாலும் சில நொடிகளில் தானாக அணைய வேண்டும்.

அந்த நெருப்புக்காகத்தான் புரோமின் உள்ளே வந்தது. எஃப்ஆர்-4 பிசினில் டெட்ராபுரோமோபிஸ்பீனால்-ஏ என்ற பொருளைச் சேர்த்துச் சமைப்பார்கள். வழக்கமான ரகத்தில் பிசின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் புரோமின் இருக்கும். நெருப்பு பரவாமல் அது காப்பாற்றுவது உண்மை. ஆனால் அதே பலகையைத் திறந்தவெளியில் குவித்துக் கொளுத்தினால் புரோமின் கலந்த டையாக்சின்கள் புகையோடு வெளியேறுகின்றன.

கொளுத்துவார்களா என்ன என்று கேட்கலாம். உத்தரப் பிரதேசத்தில் பித்தளைச் சாமான்களுக்குப் பேர்போன மொராதாபாதில், ராம்கங்கா ஆற்றங்கரையில் பலகைகளை எரித்துச் செம்பு எடுப்பது பல ஆண்டுகள் நடந்த தொழில். ஆற்றோரம் கறுப்புச் சாம்பல் மேடுகள் குவிந்தன. சீனாவின் குவாங்தோங் மாநிலத்தில் குய்யூ என்ற ஊர் இதற்காகவே உலகெங்கும் அறியப்பட்டது. 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது; அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். மிச்சத்தில் எவ்வளவு அடுப்புக்கும் ஆசிட் தொட்டிக்கும் போனது என்பதற்குக் கணக்கில்லை. பிசின் பிடியை விடாததால்தான் எரிக்கிறார்கள். செம்பும் தங்கமும் அதற்குள் சிக்கியிருக்கின்றன. பிசினைக் கரைக்கவோ உருக்கவோ வழியில்லை. ஏழைத் தொழிலாளியின் கையில் இருக்கும் ஒரே கருவி நெருப்பு.

இனி தாவரங்களிடம் போவோம். சர்க்யூட் போர்டுக்குத் தாவரம் புதிய விருந்தாளி அல்ல. பழைய ரேடியோவிலும் மலிவான ரிமோட்டிலும் பழுப்பு நிறத்தில் ஒரு பலகை பார்த்திருப்பீர்கள். அது கண்ணாடித் துணியால் ஆனதல்ல. மரக்கூழ்க் காகிதத்தைப் பீனாலிக் பிசினில் முக்கி அழுத்தியது. அந்தப் பிசினின் மூதாதை பேக்கலைட். லியோ பேக்லண்ட் 1907-இல் அதை உருவாக்கியபோது மின்காப்புக்கு உலகம் நம்பியிருந்தது அரக்கை. நம் நாட்டுக் காடுகளில் பலாச மரத்திலும் பூவ மரத்திலும் சிறு பூச்சிகள் கசியவிடும் அதே அரக்குதான். பேக்லண்ட் தேடிப் புறப்பட்டது அதற்கு ஒரு மாற்றை. காகிதப் பலகையில் இன்னொரு தாவரமும் ஒளிந்திருக்கிறது. தனிப் பீனாலிக் பிசின் மொறுமொறுப்பானது. அச்சுவைத்துத் துளை குத்தினால் ஓரம் சில்லுசில்லாகத் தெறிக்கும். அதனால் சீனத்து டங் மரத்தின் விதை எண்ணெயைப் பிசினோடு சேர்த்துச் சமைத்தார்கள். எண்ணெய் கொடுத்த நெகிழ்வால் துளை சுத்தமாக விழுந்தது. ஆகவே தாவரப் பிசின் பலகைக்கு ஒத்துவராது என்று யாராவது சொன்னால், பல பத்தாண்டுகளாக அது உள்ளேயே இருந்திருக்கிறது என்று சொல்லலாம். நீடித்த வளர்ச்சி என்ற பேச்சுக்கு அங்கே இடமிருக்கவில்லை. துளை நன்றாக விழுந்தது, அதனால் சேர்த்தார்கள்.

திட்டமிட்டு நடந்த முதல் பெரிய முயற்சி 1990-களில் ஐபிஎம் நிறுவனத்தில் தொடங்கியது. லாரா கோஸ்பார், ஜெஃப்ரி ஜெலோர்ம் ஆகியோரின் குழு கையில் எடுத்தது லிக்னினை. மரத்துக்கு விறைப்பைத் தருவது லிக்னின். செல்லுலோஸ் இழைகளுக்கு நடுவே நின்று அவற்றைப் பிணைத்துப் பிடிக்கும் பொருள் அது. மரத்துக்குள் அது செய்யும் வேலையும் கண்ணாடித் துணிக்குள் எப்பாக்சி செய்யும் வேலையும் ஒன்றே. காகித ஆலைக்கு வேண்டியது செல்லுலோஸ் மட்டும். லிக்னினைக் காரத்தில் கரைத்து வெளியேற்றுவார்கள். அந்தக் கருங்கழிவை ஆலையின் கொதிகலனிலேயே எரித்து நீராவி எடுப்பார்கள். கரூர் அருகே புகலூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் தமிழ்நாடு காகித ஆலையிலும் கருங்கழிவு கொதிகலனுக்கே போகிறது.

லிக்னினில் பென்சீன் வளையங்கள் நிறைய. எப்பாக்சியின் விறைப்புக்குக் காரணமான பிஸ்பீனால்-ஏ என்ற மூலக்கூறிலும் அதே வளையங்கள்தான். வளையம் வளையாது, எளிதில் எரிந்தும் போகாது. கருகி மேலே ஓடாக நின்று நெருப்பைத் தடுக்கும். ஐபிஎம் குழு எடையில் பாதிக்கும் மேல் லிக்னின் கொண்ட பிசினை உருவாக்கி, கண்ணாடித் துணியில் ஏற்றி, வழக்கமான இயந்திரங்களிலேயே பலகைகளைச் செய்துகாட்டியது. 2000-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிசின் தயாரிப்பிலிருந்து கடைசிவரை கணக்கிட்டால் வழக்கமான பிசினைவிட 40 சதவீதம் குறைவான ஆற்றல் போதும் என்று மதிப்பிட்டார்கள். அருமையான வேலை. ஆனால் சந்தைக்கு வரவில்லை.

லிக்னினின் இயல்பே இதில் பெரிய தடை. பிஸ்பீனால்-ஏ எங்கே வாங்கினாலும் ஒரே மூலக்கூறுதான். லிக்னின் அப்படியில்லை. ஊசியிலை மரத்தின் லிக்னின் ஒரு மாதிரி, கரும்புச் சக்கையினுடையது இன்னொரு மாதிரி. ஒரே மரத்திலும் கூழாக்கும் முறை மாறினால் லிக்னினும் மாறும். காகித ஆலையிலிருந்து வருவதில் சோடியமும் கந்தகமும் ஒட்டிக்கொண்டிருக்கும். காகிதத்துக்கு அது பொருட்டல்ல. மின்சாரம் ஓடும் கம்பிகளுக்கு நடுவே, ஈரம் பட்டால் உயிர்பெறும் ஒரு துளி உப்புகூடப் பொருட்டுதான். லட்சம் பலகைகள் ஒன்றுபோல வர வேண்டிய தொழிலில், மூட்டைக்கு மூட்டை மாறும் மூலப்பொருளை எந்த மேலாளரும் துணிந்து ஏற்க மாட்டார்.

எண்ணெய்களின் கதை வேறு. சோயா எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. அவற்றை எப்பாக்சியாக மாற்றுவது எளிது. பிளாஸ்டிக் தொழிலில் டன் கணக்கில் அப்படி மாற்றுகிறார்கள். சிக்கல் என்னவென்றால் எண்ணெய் மூலக்கூறு நீண்ட, தளர்ந்த கொழுப்புச் சங்கிலி. பிணைக்கும் முனைகள் சங்கிலியின் நடுவே இருக்கின்றன, வளையங்கள் கிடையாது. இறுகினாலும் விறைப்பு வராது, டீஜி கீழே நின்றுவிடும். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் வூல் இதோடு மல்லுக்கட்டினார். சோயாப் பிசினில் அவர் கண்ணாடித் துணிக்குப் பதிலாகக் கோழி இறகைச் சேர்த்தார். டெலவேர் பகுதி கோழிப் பண்ணைகளுக்குப் பெயர்பெற்றது. இறகு அங்கே குப்பை. இறகின் இழை உள்ளே குழலாக இருக்கிறது, குழலுக்குள் காற்று. அதிவேகச் சமிக்ஞைகள் ஓடும் பலகையில், சுற்றியிருக்கும் பொருள் மின்புலத்தை எவ்வளவு குறைவாக உள்வாங்குகிறதோ அவ்வளவு நல்லது. காற்றுக்கு அந்த அளவு 1. எஃப்ஆர்-4 பலகைக்கு 4-க்கு மேல். வூலின் குழு செய்த இறகுக் கலவைகளில் அது 1.7 முதல் 2.7 வரை வந்தது. 2013-இல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருது அவருக்குக் கிடைத்தது, 2015-இல் காலமானார். அவருடைய பலகை தொழிற்சாலைக்குப் போகவில்லை. ஆனாலும் எண்ணெயின் பலவீனத்தை மட்டும் பார்த்துக்கொண்டிராமல், குப்பையில் கிடந்த இறகின் பலத்தைக் கண்ட அந்தப் பார்வையை நான் மிக மதிக்கிறேன்.

முந்திரிக்கு வருகிறேன், இது நம் ஊர்ச் சங்கதி. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கொட்டையின் ஓட்டுக்குள் என்ன இருக்கிறது என்று. தோல் உரிந்து, கறுத்துப்போன விரல்கள். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் முழுக்கத் தப்ப முடியாது. ஓட்டின் தேன்கூடு போன்ற அறைகளில் பழுப்பு நிறத்தில் கெட்டியான எண்ணெய் இருக்கிறது. மா, முந்திரி, சேராங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம். மாங்காய்க் காம்பின் பால் பட்டால் ஏன் புண்ணாகிறது, சேராங்கொட்டை ஏன் கொப்புளிக்க வைக்கிறது என்பதற்கெல்லாம் காரணம் ஏறக்குறைய ஒரே அமைப்புள்ள மூலக்கூறுகள்: ஒரு பீனால் வளையம், அதில் தொங்கும் நீண்ட கொழுப்பு வால்.

முந்திரி ஓட்டு எண்ணெயில் முதன்மையானது அனகார்டிக் அமிலம். சூடேற்றினால் கரியமில வாயுவை விட்டுவிட்டு கார்டனால் ஆகிறது. கார்டனாலில் பீனால் வளையமும் இருக்கிறது, பதினைந்து கரி அணுக்கள் கொண்ட வாலும் இருக்கிறது. லிக்னினின் வளையமும் எண்ணெயின் நெகிழ்வும் ஒரே மூலக்கூறில் வந்து வாய்த்திருக்கின்றன. அதிலும் மூட்டைக்கு மூட்டை மாறாத, காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்யக்கூடிய மூலக்கூறு. வாகன பிரேக்கின் உராய்வுப் பொருளில் இது பல பத்தாண்டுகளாக இருக்கிறது. கப்பலின் அடிப்பகுதிக்குப் பூசும் எப்பாக்சி பெயிண்டை இறுகவைக்கும் பொருளாகவும் இருக்கிறது. குளிரிலும் ஈரத்திலும் இறுகுவதால் அங்கே இதற்கு மதிப்பு. மின்காப்பு வார்னிஷிலும் லேமினேட் தகடுகளிலும் பீனாலிக் பிசினோடு சேர்க்கிறார்கள்.

நீண்ட வால் நீரை அண்டவிடாது. சர்க்யூட் போர்டுக்கு இது வரம். அதே வால் டீஜியைக் கீழே இழுக்கிறது. இது குறை. ஆகவே கார்டனாலை மட்டும் வைத்துப் பலகை செய்ய முடியாது. விறைப்பான இன்னொரு பிசினோடு அளவாகச் சேர்க்க வேண்டும். நானாக இருந்தால் முதல் சோதனையை எல்இடி பல்பின் டிரைவர் பலகை போன்ற எளிய இடத்தில் தொடங்குவேன். இரண்டே அடுக்கு, நுணுக்கமான துளைகள் குறைவு, கோடிக்கணக்கில் செய்யப்படுவது, சில ஆண்டுகளில் குப்பைக்குப் போவது. முந்திரி ஓடு உணவல்ல. சோயாவைப் போல நிலத்துக்கும் தட்டுக்கும் நடுவே போட்டி எழாது. ஓட்டு எண்ணெயின் மதிப்பு ஏறினால் அதில் ஒரு பங்கு, அந்த எண்ணெயில் விரல் வெந்தவர்களுக்குக் கையுறையாகவும் கூலியாகவும் திரும்ப வேண்டும் என்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியவில்லை.

இதற்கிடையே சந்தடி தெரியாமல், பாதித் தாவரமான ஒரு பிசின் சந்தைக்கே வந்துவிட்டது. எப்பாக்சியின் அடிப்படை மூலக்கூறில் 21 கரி அணுக்கள். 15 அணுக்கள் பிஸ்பீனால்-ஏ தருபவை. மற்ற 6 அணுக்களைத் தருவது எபிகுளோரோஹைட்ரின். அது காலங்காலமாகப் பெட்ரோலியப் புரொப்பிலீனிலிருந்து வந்தது. தாவர எண்ணெயிலிருந்து பயோடீசல் செய்யும்போது கிளிசரின் மிஞ்சுகிறது. அதிலிருந்தும் எபிகுளோரோஹைட்ரின் செய்யலாம். சால்வே நிறுவனம் இந்த முறையை வளர்த்து, தாய்லாந்தின் மாப் தா புட்டில் ஆண்டுக்கு 1,00,000 டன் செய்யும் ஆலையை அமைத்தது. இதில் செய்த எப்பாக்சி பழைய எப்பாக்சியேதான். டீஜி அதே, ஈரம் அதே, எந்தச் சோதனையும் மறுபடி தேவையில்லை. தாவரத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஒரே வழி கார்பன்-14. உயிரோடிருந்த தாவரத்தின் கரியில் அந்தக் கதிரியக்க அணு சிறிது இருக்கும்; கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்கடியில் கிடந்த பெட்ரோலியத்தில் அது தேய்ந்து முடிந்திருக்கும். கீழடியில் கிடைத்த கரியின் வயதைக் கணக்கிடும் அதே முறையால் பிசினில் எத்தனை பங்கு தாவரம் என்று அளக்கிறார்கள்.

நல்ல முன்னேற்றம்தான், பெட்ரோலியம் குறைகிறது. ஆனால் ராம்கங்கா கரைக்கு அந்தப் பலகை போய்ச் சேர்ந்தால் என்ன மாறும்? ஒன்றும் மாறாது. வலை அதே வலை, புரோமின் அதே புரோமின், நெருப்பு அதே நெருப்பு.

வலையின் முடிச்சை மாற்றினால்தான் முடிவு மாறும். 2011-இல் பாரிசில் லுட்விக் லைப்லரின் குழு எப்பாக்சியைத் தாவர எண்ணெயிலிருந்து வரும் கொழுப்பு அமிலங்களோடு சேர்த்து, துத்தநாக வினையூக்கி போட்டு இறுகவைத்தது. கிடைத்த வலையின் முடிச்சுகள் எஸ்டர் பிணைப்புகள். சூட்டில் அவை ஒரு கையை விட்டு இன்னொரு கையைப் பிடித்துக்கொள்கின்றன. வலை அறுவதில்லை, ஆனால் உருமாறுகிறது. சாதாரண வெப்பநிலையில் இறுகிய பிசின், சூட்டில் கண்ணாடியைப் போல வேண்டிய வடிவத்துக்கு வளைகிறது. விட்ரிமர் என்று பெயரிட்டார்கள். 2024-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அனிருத் வசிஷ்ட், விக்ரம் ஐயர் ஆகியோரின் குழு விட்ரிமரைக் கண்ணாடித் துணியோடு சேர்த்து சர்க்யூட் போர்டு செய்தது. அதைக் கரைப்பானில் ஊறவைத்தால் பிசின் கரைவதில்லை. ஊதிப் பெருத்துக் களி போலாகிறது. சில்லுகள் கழன்று வருகின்றன, துணி தனியே வருகிறது. பிசினில் 98 சதவீதமும் கண்ணாடி இழை முழுவதும் கரைப்பானில் 91 சதவீதமும் மீண்டன. அந்தப் பிசின் தாவரத்தில் செய்ததல்ல. பிடி விடுவது சாத்தியம் என்று காட்டியதுதான் அதன் பெருமை.

தாவரமும் பிடி விடுதலும் சேரும் இடம் வனிலின். ஐஸ்கிரீமுக்கு மணம் தரும் அதே வனிலின். நார்வேயின் போரகார்ட் ஆலை 1962 முதல் ஸ்ப்ரூஸ் மர லிக்னினிலிருந்து அதைச் செய்கிறது. லிக்னினின் குழப்பமெல்லாம் நீங்கி, எங்கே வாங்கினாலும் ஒன்றேயான சிறிய மூலக்கூறு. விறைப்புக்கு ஒரு வளையம் இருக்கிறது. அதோடு பெட்ரோலியத்தின் பிஸ்பீனாலில் இல்லாத ஒன்றும் இருக்கிறது: ஆல்டிஹைடு முனை. அமீனோடு சேர்ந்தால் அது ஒரு துளி நீரை வெளியேற்றி இமீன் பிணைப்பாகிறது. அமிலம் கலந்த நீரில் போட்டால் அந்தப் பிணைப்பு நீரை மீண்டும் ஏற்று இரண்டாகப் பிரிகிறது. மரம் தன் தேவைக்காக ஆக்சிஜனைச் சேர்த்துக் கட்டிய மூலக்கூறு என்பதால் இப்படிப் பிடித்திழுக்க முனைகள் இருக்கின்றன. பெட்ரோலியத்தில் அந்த முனைகளை நாம் செலவுசெய்து ஒட்டவைக்க வேண்டும். சீனாவின் நிங்போ ஆய்வகத்தில் வனிலினோடு பாஸ்பரஸ் கொண்ட சேர்மத்தையும் சேர்த்துச் செய்த எப்பாக்சியின் டீஜி 200 டிகிரியைத் தாண்டியது. புரோமின் இல்லாமலே நெருப்புச் சோதனையின் மேல் தரத்தில் தேறியது. சாதாரண எஃப்ஆர்-4 பிசினை இது சூட்டிலும் மிஞ்சுகிறது.

நீரால் திறக்கும் முடிச்சை நீர் வேண்டாதபோதும் திறக்கக்கூடும் என்பதுதான் இதன் நெருடல். சென்னையின் கார்த்திகை மாத ஈரத்தில் பத்தாண்டு கிடந்த பலகை, ஆசிட் தொட்டிக்குப் போகும்வரை பொறுமையாக இருக்குமா? 85 டிகிரி சூட்டிலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் 1,000 மணி நேரம் மின்சாரம் கொடுத்து வைத்துப் பார்ப்பது இத்தொழிலின் வழக்கமான சோதனை. ஆய்வுக்கூடக் கட்டுரைகள் பெரும்பாலும் டீஜியையும் வலுவையும் சொல்லிவிட்டு முடிந்துவிடுகின்றன. எனக்கு வேண்டியது அந்த 1,000 மணி நேரத்தின் முடிவு.

பிரிட்டனின் ஜீவா மெட்டீரியல்ஸ் துணிச்சலான எதிர்முனையில் நிற்கிறது. அவர்களுடைய சொலுபோர்டில் கண்ணாடித் துணிக்குப் பதில் தாவர நார். பிசினுக்குப் பதில் வெந்நீரில் கரையும் பாலிமர். 2023-இல் ஜெர்மனியின் இன்ஃபினியான் தன் மாதிரிப் பலகைகளை அதில் செய்வதாக அறிவித்தது. பொறியாளர்கள் சோதித்துவிட்டுத் தூக்கிப்போடும் மாதிரிப் பலகைகளுக்கு இது மிகப் பொருத்தம். ஆயுள் சில மாதம், ஈரம் படாத மேசை, கரைத்தால் சில்லுகள் மறுபடி கைக்கு வரும். வாஷிங் மெஷினுக்குள் வைக்க இன்றைய நிலையில் நான் சம்மதிக்க மாட்டேன்.

ஒரு கணக்கையும் மறைக்கக் கூடாது. ஒரு செல்போன் உற்பத்தியில் வெளியேறும் கரியமில வாயுவில் பெரும்பங்கு சில்லுகளைச் செய்வதில்தான். பலகையின் பிசினை மட்டும் மாற்றி அதைப் பெரிதாகக் குறைத்துவிட முடியாது. பிசினை மாற்றுவதன் பெரும் பலன் சாவில்தான் கிடைக்கும்: சில்லு உயிரோடு மீண்டு இன்னொரு பலகையில் ஏறினால், அந்தச் சில்லுக்காகச் செலவான ஆற்றலும் சேர்ந்து மீள்கிறது.

அந்த மீட்பை யார் செய்வார்கள் என்பதில் சட்டத்துக்கும் பங்குண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தியாவின் மின்னணுக் கழிவு விதிகளின்படி, உற்பத்தியாளர்கள் மறுசுழற்சிச் சான்றிதழ்களை வாங்க வேண்டும். தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகியவற்றை மீட்டால் சான்றிதழ் கிடைக்கும். கண்ணாடி இழைக்கும் பிசினுக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. வனிலின் பிசினை அமிலத் தொட்டியில் பிரித்து, துணியையும் பிசினையும் சில்லுகளையும் தனித்தனியே எடுப்பவருக்கும், பலகையை அரைத்துச் செம்பை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் குழியில் கொட்டுபவருக்கும் இன்று கிடைப்பது ஒரே சான்றிதழ். பட்டியலில் ஐந்தாவதாகப் பிசினையும் ஆறாவதாகக் கண்ணாடி இழையையும் சேர்க்க எந்தப் புதிய வேதியியலும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.